கவனமும் வினைமுற்றும்

இக்காலப் பிள்ளைகளுக்கு ஒன்றில் மனம் நிலைப்பதில்லை என்னும் குறை ஆசிரியர் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. மனிதரின் கவனம் எட்டு நொடியாகச் சுருங்கித் தங்கமீனுக்கும் கீழாயிற்று என்றொரு கணக்கையும் சிலர் சான்று காட்டுவர். 2015இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கனடாக் கிளை வெளியிட்ட அறிக்கையால் பரவிய செய்தி இது. அதன் மூலத்தைத் தேடியவர்கள் தக்க ஆய்வு எதனையும் கண்டாரில்லை. தங்கமீனின் கவனத்தை அளந்தவர் யாரோ!

நம்பத்தக்க அளவு வேறுண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியை குளோரியா மார்க், கணினிமுன் பணிபுரிவோரை ஆராய்ந்தார். ஒரு திரையில் அவர்கள் நிலைத்த சராசரி நேரம் 2004இல் இரண்டரை நிமிடம்; 2012இல் 75 நொடி; பின்னர் ஏறத்தாழ 47 நொடி. அளக்கப்பட்டோர் வளர்ந்தவர், சிறுவர் அல்லர். அன்றியும், இது கண் எப்போது நகர்ந்தது என்பதன் அளவேயன்றி, எவ்வளவு நேரம் நிற்கவல்லது என்பதன் அளவன்று.

நகர்த்துவது எது? நூலுக்குப் பக்க முடிவுண்டு. 2006இல் ஏசா ரஸ்கின் வகுத்த முடிவிலா உருட்டல் முறையில் அம்முடிவு இல்லை. குறுங்காணொலியிலோ முதற் சில நொடிகளில் பார்ப்பவரைப் பிடித்தாக வேண்டும். ஆகவே வியப்பு முன்னே வருகிறது. காரணம் பெரும்பாலும் வருவதேயில்லை. அறிவூட்டும் நல்ல காணொலிகள் இல்லாமலில்லை. அவையும் இப்போட்டியில்தான் நிற்க வேண்டியிருக்கின்றன.

தமிழ் உரைநடையோ முடிவை இறுதியில் வைப்பது. எச்சங்கள் அடுக்கி வர, வினைமுற்று கடைசியில் நிற்கும். உடன்பாடா எதிர்மறையா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெளிவாகும். "காலையில் மழை பெய்து பட்டை நனைந்திருந்ததால் தொழிலாளர் அன்று பால்மரம் வெட்டச் செல்லவில்லை" என்னும் வாக்கியத்தைப் படித்துவிட்டு, 'வெட்டச் சென்றனர்' என விடையெழுதும் பிள்ளை எங்கள் தோட்டப் பள்ளியில் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு மழையும் மரமும் தெரியாதவை அல்லவே! கடைசிச் சொல்லுக்குமுன் கண் அகன்றுவிட்டது.

இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்பவன் பிறர்க்கு உரைக்கவல்லவன் ஆவான் என்பது நன்னூல் கூறும் முறை. அம்முறையை ஒட்டி, வாக்கியத்தை மும்முறை வாசிக்கச் செய்து, இறுதிச் சொல்லை மட்டும் மறைத்துவிட்டு, சென்றனரா இல்லையா என்று வினவி வருகிறேன். சிறிது நேரம் வகுப்பில் ஓசையிராது. பிறகு ஒரு விரல் 'நனைந்திருந்ததால்' என்னும் சொல்லுக்குத் திரும்பிச் செல்லும்.