பாலைத் திரிய வைக்கும் பூஞ்சை

டீயோடு சீஸ் சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள் அந்த சீஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல பாக்கெட்டுகளில், பச்சைப் புள்ளியோடு, 'மைக்ரோபியல் ரென்னெட்' என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி.

பாலைத் திரிய வைக்க, பன்னீருக்கு எலுமிச்சைச் சாறு போதும். சீஸுக்கோ, பால்குடி மறக்காத கன்றின் நான்காம் இரைப்பையில் ஊறும் ரென்னெட்தான் காலங்காலமாகக் கைகொடுத்தது. அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1960-களில் ஜப்பானின் கெய் அரிமா குழு 'மியூக்கர் பூசில்லஸ்' என்ற பூஞ்சையில் மாற்று கண்டது.

வளர்க்கும் முறை எளிது. கோதுமைத் தவிட்டை ஈரமாக்கி, பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கிருமி நீக்கி, ஆறியதும் வித்துகளைத் தூவி, 30 டிகிரி வாக்கில் மூன்று நாள் விட்டால் தவிடு முழுக்க நூல் படர்ந்து அடையாகிவிடும். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதியை வெளியே கக்கி, இரையை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினாலே நொதி வந்துவிடும்.

வந்தது எவ்வளவு? பால் புரதமான கேசின் கரைசலில் கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் கழித்து டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஊற்றுவார்கள். நொதியிடம் வெட்டுப்படாத புரதம் வெள்ளையாகப் படியும். வெட்டுப்பட்ட துணுக்குகள் மேலே தெளிவில் நிற்கும். அந்தத் தெளிவில் ஃபோலின் கரைசலைச் சேர்த்தால் நீலம் ஏறும். நீலம் அடர்ந்தால் வெட்டு அதிகம். இதையே வெவ்வேறு சூட்டிலும் புளிப்பிலும் திரும்பத் திரும்பச் செய்து, நொதிக்கு எது ஒத்துவருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பெப்ஸ்டாட்டின் என்ற நொதித் தடுப்பானைச் சேர்த்ததும் வேலை நின்றுபோனால், கன்றின் நொதி இருக்கும் அதே குடும்பம் என்று தெரியும். அலுப்பான வேலைதான்.

ஆனால் நீலத்தை மட்டும் நம்பி சீஸ் போட முடியாது. பாலில் மிதக்கும் கேசின் உருண்டைகளின் மேல் கப்பா-கேசின் முடிபோல் நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது. அதில் 105-ஆம், 106-ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டினால் போதும், பால் உறைந்துவிடும். அதோடு நிறுத்தத் தெரியாத நொதி கண்டபடி வெட்டினால், புரதம் வடியும் நீரோடு போய்விடும். சீஸ் முதிர முதிரக் கசக்கும். அதனால் உறையவைக்கும் திறனையும் வெட்டும் திறனையும் தனித்தனியே அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான பூஞ்சைகள் தோற்பது இங்கேதான். சோயா சாஸுக்குப் பேர்போன 'ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே'கூட இதற்கு ஆகாது. சாஸுக்குச் சுவை கூட்டுவதே அந்தக் கண்மூடித்தனமான வெட்டுதான்.

தேறிய 'ரைசோமியூக்கர் மீஹை' என்ற பூஞ்சையின் நொதிக்கும் ஒரு கோளாறு: சூட்டுக்கு லேசில் அடங்காது. சீஸிலிருந்து வடிந்த நீரைப் பாஸ்சரைஸ் செய்தாலும் உயிரோடிருந்து, அந்த நீர் சேரும் அடுத்த உணவிலும் வெட்டிக்கொண்டிருக்கும். அதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் அதன் மெத்தியோனின்களை ஆக்ஸிஜனேற்றம் செய்து, வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனப்படுத்தி விற்கிறார்கள்.