வாயுவிலிருந்து காபன் படிதலும் கலப்புலோகமும்

கண்டிக்கு அயலே, கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் காரீயம் அகழப்படுகின்றது. காபனைக் கொண்ட சூடான பாய்பொருள்கள் பாறை வெடிப்புக்களிற் புகுந்து அதனைப் படிவித்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வாயுவிலிருந்து காபனைத் திண்மமாகப் படிவிக்கும் ஆற்றல் சில உலோகங்களுக்கும் உண்டு. அவற்றுடன் எது, எவ்வளவு கலந்துள்ளது என்பதைப் பொறுத்து அவ்வாற்றல் வேறுபடும்.

இரும்பு, கோபாற்று, நிக்கல் ஆகிய மூன்றும் இச்செயலில் வல்லன. சூடான நிக்கல் துணிக்கைமீது மெதேன் படும்போது ஐதரசன் பிரிந்து செல்ல, காபன் அணுக்கள் உலோகத்துட் கரைந்து, மறுபுறத்தே நூலிழைபோல வெளிப்பட்டு வளர்கின்றன. செம்போ காபனைக் கரைப்பது அரிது. 2009 இல் செப்புத் தகட்டின்மீது ஓரணுத் தடிப்புள்ள கிரபீன் படலத்தை வளர்க்க முடிந்தமைக்கு இப்பண்பே காரணம். முதற்படை மூடியதும் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகின்றது.

இவ்விரண்டையும் கலந்தால், செம்பின் அளவுக்கேற்ப நிக்கலின் ஆற்றல் படிப்படியாகக் குறையுமென எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. செம்பு அளவோடு சேரின், மெதேனைப் பிரிக்கும் ஊக்கி நெடுநேரம் செயற்பட்டு மிகுதியான காபனைத் தருதலும் உண்டு. செம்பு மிகுந்தால் படிவு பெரிதுங் குன்றும். காபன் உருவாவதற்கு அடுத்தடுத்துள்ள பல நிக்கல் அணுக்கள் வேண்டும். செப்பணுக்கள் இடையிற் புகுந்து அக்கூட்டங்களைச் சிதைக்கின்றன.

இஃது ஆய்வுகூடத்தோடு அமையும் செய்தியன்று. நம் தேயிலைச் செடிக்கிடும் யூரியா அமோனியாவிலிருந்து செய்யப்படுவது. அமோனியாவுக்கு வேண்டிய ஐதரசன் பெருமளவில், மெதேனையும் நீராவியையும் நிக்கல் ஊக்கியின்மேற் செலுத்திப் பெறப்படுகின்றது. அங்கே காபன் படிந்தால் ஊக்கி நொறுங்கும், குழாய்கள் அடைபடும். 1998 இல் தென்மார்க்கு ஆய்வாளர், நிக்கலின் மேற்பரப்பிற் சிறிது பொன்னைச் சேர்த்து அப்படிவைத் தடுக்கலாமெனக் காட்டினர். பொன் நிக்கலினுள்ளே எளிதிற் கலவாது. மேற்படையில் நின்று அயலிலுள்ள நிக்கல் அணுக்களின் இயல்பை மாற்றுகின்றது.

உரத்தொழிலார் விலக்கும் இக்காபனையே, காபனீரொட்சைட்டு வெளிவராமல் மெதேனிலிருந்து ஐதரசனைப் பெற முயல்வோர் விரும்பிப் படிவிக்கின்றனர். முன்னவர்க்கு ஒரு கலவை, பின்னவர்க்கு வேறொரு கலவை. கலவை மாறுமளவுக்கே குணமும் மாறுமென முன்கூட்டித் துணிந்துவிடாது, ஒவ்வொன்றையும் சோதித்தறிதல் வேண்டுமென்பதே விஞ்ஞான மாணவர் இதிற் கொள்ளத்தக்க பாடமாகும்.