கத்தி இல்லை, ரத்தம் இல்லை... குடலுக்குள் நடக்கும் தண்ணீர்க் கொள்ளை!

காஞ்சீபுரம்:
கதவு உடைக்கப்படவில்லை. சுவரில் ஓட்டை இல்லை. ஒரு சொட்டு ரத்தம்கூட சிந்தவில்லை. ஆனால் காலையில் தறியில் உட்கார்ந்து நாடா தள்ளிய ஆள், பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, நாடி பிடிபடாமல் கிடப்பார். உடம்பில் இருந்த தண்ணீர் ‘அபேஸ்’!

இதுதான் காலரா. நம்ம ஊர்ப் பேச்சில் வாந்தி பேதி.

குழாயடிச் சண்டையில் “கழிச்சல்ல போக” என்று சாபம் விடுகிறார்களே, அந்தச் சாபம் சும்மா வந்ததல்ல. ஒரே வாரத்தில் தெருவே காலியான காலத்தில் பிறந்த வார்த்தை அது.

அதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் பக்கத்துக் காரைக்காலில் காலரா தலை காட்டியது. புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசர நிலையே அறிவித்தது. பள்ளிகளுக்குப் பூட்டு போட்டார்கள். காரைக்காலுக்கு வந்த கிருமி காஞ்சிக்கு வர பஸ் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

காஞ்சியோ திருவிழா ஊர். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். 2019-ல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளில் சுமார் 1 கோடி பேர் வந்து போனதாகக் கணக்கு. வந்தவர் எல்லாரும் இங்கேதான் தண்ணீர் குடித்தாக வேண்டும்.

ஆறு பேர் கும்பல்

காலரா கிருமி பார்ப்பதற்கு கமா போல வளைந்திருக்கும். அசுத்தத் தண்ணீரிலும், ஈ மொய்த்த பண்டத்திலும் ஏறி வயிற்றுக்குள் வரும். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலானவை செத்து விடும். தப்பித்தவை சிறுகுடலில் ஒட்டிக் கொள்ளும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் விசித்திரம். கிருமி குடல் சுவரைத் துளைப்பதே இல்லை. வெளியிலேயே உட்கார்ந்து கொண்டு ஒரு விஷத்தை ஏவுகிறது. அந்த விஷம் ஆறு பேர் கும்பல் மாதிரி. ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று, குடல் செல்லின் மேல் இருக்கும் ‘ஜி.எம்.1’ என்ற பொருளைப் பிடித்துத் தொங்கும். செல் ஏமாந்து போய் கும்பலையே உள்ளே இழுத்துக் கொள்ளும். உள்ளே போனதும் ஆறாவது ஆள் கழன்று வேலையைத் தொடங்குவான்.

செல்லுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தேவைப்படும்போது ‘ஆன்’ ஆகும். வேலை முடிந்ததும் தானாக ‘ஆப்’ ஆகிவிடும். விஷம் அந்த சுவிட்ச் மேல் ஒரு சின்ன ரசாயனத் துண்டை ஒட்டி வைக்கிறது. அவ்வளவுதான்! இனி அது ‘ஆப்’ ஆகாது. மோட்டார் சுவிட்ச் மாட்டிக் கொண்டு, மாடித் தொட்டி நிரம்பி, தெருவெல்லாம் தண்ணீர் ஓடுமே, அதே கதைதான்.

சுவிட்ச் ஓட ஓட ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்ற பொருள் செல்லுக்குள் குவியும். அது குளோரைடு போகும் கதவைத் திறந்து விடும். குளோரைடு என்பது உப்பின் ஒரு பாதி. அது குடலுக்குள் கொட்டினால், மறு பாதியான சோடியம் பின்னாலேயே போகும். உப்பு போகிற இடத்துக்கெல்லாம் தண்ணீரும் போகும். இது போதாதென்று, குடல் வழக்கமாக உப்பை உறிஞ்சும் ஒரு வழியும் அடைபட்டு விடும்.

நல்ல உடம்பில் தினமும் 8, 9 லிட்டர் தண்ணீர் குடலுக்குள் வந்து, ஏறக்குறைய அத்தனையும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. காலரா முற்றினால் மணிக்கு 1 லிட்டர் வரை வெளியேறும். 50 கிலோ ஆளுக்கு 5 லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. வெளியே வருவது அரிசி கழுவின தண்ணீர் போல இருக்கும். பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடும் தெருக்காரர்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தம் கலந்திருக்காது. பெரும்பாலும் காய்ச்சலும் இருக்காது. அதனாலேயே “சும்மா வயிற்றுப் போக்குதான்” என்று ஏமாந்து விடுகிறார்கள்.

துப்பு துலக்கிய வங்காளி

ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக், 1884-ல் கல்கத்தாவில் கிருமியைப் பிடித்தார். விஷம் ஒன்று இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். ஆனால் 75 வருஷம் அது சிக்கவில்லை.

கண்டுபிடித்தவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. முயலின் குடலில் ஒரு பகுதியை இரண்டு பக்கமும் கட்டினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வெறும் வடிநீரை அதற்குள் செலுத்தினார். குடல் பலூன் போலத் தண்ணீரால் உப்பியது! 1959-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் அதை எழுதினார். உள்நாட்டில் அவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. 1985-ல் இறந்து விட்டார். கிரிக்கெட் ஸ்கோர் மனப்பாடமாகத் தெரிந்த நமக்கு இந்தப் பெயர் தெரியாதது வெட்கக்கேடு.

இந்தக் கேசில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1992 இறுதியில் சென்னையில், அதுவரை எங்கும் பார்க்காத ‘ஓ139’ ரகக் கிருமி பிடிபட்டது. வேலூர், மதுரை என்று பரவி, சில மாதத்தில் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் உலுக்கியது. வங்கக் கடலோரம் பரவியதால் பெயர் ‘பெங்கால்’. சட்டைதான் புதுசு. விஷம் அதே விஷம். அந்த விஷம் செய்யும் வித்தையைக் கிருமிக்குக் கொடுத்ததே ஒரு வைரஸ்தான் என்று 1996-ல் தெரிய வந்தது!

மூடாத கதவு

கொள்ளைக்காரன் ஒரு கதவைக் கவனிக்காமல் விட்டு விட்டான். சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால், அவற்றை உள்ளே இழுக்கத் தனி வழி ஒன்று குடலில் உண்டு. காலரா விஷத்தால் அதைத் தொட முடியாது. ஜோடி உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும்.

1971-ல் வங்காளதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் காலரா. தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு ‘டிரிப்’ பாட்டில் இல்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து, குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் செத்துக் கொண்டிருந்த முகாமில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 2022 அக்டோபரிலேயே காலமாகி விட்டார்.

ஆனால் நம்ம வீடுகளில் இன்னும் என்ன நடக்கிறது? “தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்” என்கிறார்கள். விஷம் வேலை செய்வது நாம் கொடுக்கும் தண்ணீரில் இல்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உடம்பில் இருப்பதை அது கொட்டிக் கொண்டேதான் இருக்கும். தண்ணீரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ பெயரைப் போட்டுக் கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. கடைக்காரர்கள் பாக்கெட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணியும் நல்லது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். போக்கை ‘நிறுத்தும்’ மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. அதனால் “இந்தச் சேலையை அறுத்துட்டு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு போறேன்” என்பார் நெசவாளி. காலராவில் சாயங்காலம் என்பது ரொம்ப லேட். சிறுநீர் நின்று போனாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ‘டிரிப்’ ஏற்ற வேண்டும்.

கடைசி வீட்டுக் குழாய்

கிருமி ஊருக்குள் நுழையும் வழி பெரும்பாலும் குழாய்தான். நாள் முழுதும் தண்ணீர் விடாத ஊரில், தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்கும் சேர்த்து சாக்கடையை இழுக்கிறார்கள்.

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டதாக நோட்டில் எழுதினால் போதாது. தெருக் கோடியில் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் தெரியும். தெரியாவிட்டால், தொட்டிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் எங்கே கசிகிறது என்று தெருவைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.