பேட் மாற்றியும் ஒரே சக்கரம் சூடாகிறதா? சிக்கல் காலிப்பரில் இருக்கலாம்!

புது பிரேக் பேட் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் அதே இடது முன் சக்கரத்தில் ‘கிரீச்’ சத்தம். வண்டியை விட்டால், “பேட் தேய்ஞ்சிருச்சு சார், மாத்திடலாம்” என்கிறார்கள். வலது பக்கம் கழற்றிப் பார்த்தால் அந்த பேட் பாதிகூடத் தேயவில்லை.

ஒரே நாளில் போட்ட பேட்கள், ஒரே பெடலில் வேலை செய்பவை. அதில் ஒரு பக்கம் மட்டும் ஏன் கரைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த செட் வாங்கினால், அதுவும் அதே வேகத்தில் கரையும். பேட் தேய்ந்தது விளைவுதான். காரணம் பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் காலிப்பரில் இருக்கும். மெக்கானிக் பாஷையில் சொன்னால், ‘காலிப்பர் ஜாம்’.

காலிப்பர் என்ன செய்கிறது?

நம்மூரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க், பின் சக்கரங்களுக்கு டிரம். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிதான் காலிப்பர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கில் அழுத்தும்.

பிஸ்டன் ஒரு பக்கம்தானே இருக்கிறது, வெளிப்பக்க பேடை யார் அழுத்துவது? இங்கேதான் சூட்சுமம். இந்த வகைக் காலிப்பர் ஒரே இடத்தில் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்காது. இரண்டு பின்கள்மேல் முன்னும் பின்னும் நகரும்படி மிதந்துகொண்டிருக்கும். உள்பக்க பேட் டிஸ்க்கைத் தொட்டதும் மொத்தக் காலிப்பரும் எதிர்த்திசையில் நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்தும்.

பெடலை விட்டதும் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. மிதிக்கும்போது அது லேசாக முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் பிஸ்டனையும் மில்லிமீட்டரில் ஒரு துளி அளவு பின்னால் இழுத்துவிடும். அவ்ளோதான். அந்த ஒரு துளி இடைவெளிதான் பேட் டிஸ்க்கில் உரசாமல் இருப்பதற்கு ஆதாரம். நடுவே கொஞ்சம் துரு வந்தாலும் போதும், பிஸ்டன் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

துரு எங்கிருந்து வருகிறது? பிஸ்டனுக்கும் பின்களுக்கும் தூசி, தண்ணீர் போகாமல் ரப்பர் உறை போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் வெயிலும் பிரேக் சூடும் பட்டு அது வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு மழையிலும் சேறு உள்ளே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் முழங்கால் தண்ணீருக்கும் மேலே நின்ற கார்களை யோசித்துப் பாருங்கள். இன்ஜினையும் சீட்டையும் பார்த்த அளவுக்கு எத்தனை பேர் காலிப்பரைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்? கடலோர ஊர்களில் வெள்ளமே தேவையில்லை, உப்புக்காற்றே போதும். வாரக்கணக்கில் வெளியே எடுக்காமல் நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான்.

மூன்றில் எது ஜாம்?

‘காலிப்பர் ஜாம்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், சிக்கியிருப்பது பின்களாக இருக்கலாம், பிஸ்டனாக இருக்கலாம், அல்லது காலிப்பருக்கு வரும் ரப்பர் ஹோஸாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செலவு வேறு, வேலையும் வேறு. அதனால் பில் போடுவதற்கு முன்பே எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பழைய பேட்களே பாதி கதையைச் சொல்லிவிடும். ஒரே சக்கரத்தின் உள்பக்க பேட் ஒரு கனமும் வெளிப்பக்க பேட் வேறு கனமுமாக இருந்தால், முதல் சந்தேகம் பின்கள் மேல். காலிப்பர் நகராததால் ஒரு பேட் மட்டும் எல்லா வேலையையும் செய்திருக்கிறது. ஒரே பேட் ஆப்பு மாதிரி ஒரு ஓரம் தடியாகவும் மறு ஓரம் மெல்லிசாகவும் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கலாம். அல்லது பேடின் காது உட்காரும் பள்ளத்தில் துரு ஏறியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் இரண்டு பேட்களும் சேர்ந்து கரைந்து, எதிர்ச் சக்கரத்தில் இரண்டும் நன்றாக இருந்தால், பிஸ்டனையும் ஹோஸையும் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போதும் தெரியும். பிரேக்கைத் தொடாமலேயே கார் ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்க பேட் விடாமல் பிடித்திருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால், எதிர்ப்பக்கக் காலிப்பர் வேலையே செய்யாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும் சரியில்லை என்றாலும் கார் இழுக்கும் என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிடுங்கள். மைலேஜ் குறைவது, வண்டியை நிறுத்தி இறங்கியதும் ஒரு கருகிய வாடை, ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அனல் அடிப்பது எல்லாம் துணைச் சாட்சிகள். உள்ளங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் தெரியும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

ஹோஸ் விஷயம் பலருக்குத் தெரியாது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ், உள்ளே ஊறி வீங்கி ஒருவழிப் பாதை மாதிரி ஆகிவிடும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் காலிப்பருக்குள் போகும், ஆனால் திரும்பி வராது. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சக்கரம் இறுகியிருக்கும்போது காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் உடனே இலகுவாகச் சுற்றினால், உள்ளே அழுத்தம் மாட்டியிருந்தது என்று அர்த்தம். காலிப்பர் குற்றவாளி அல்ல, ஹோஸைப் பாருங்கள். திறந்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால், பிஸ்டனோ பின்னோ சிக்கியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் முழுக் காலிப்பரை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேட் மாற்றும்போது கவனிக்க வேண்டிய இடம்

தேய்ந்த பேடுக்கு ஈடாக பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புது பேட் தடிமனானது, எனவே பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் உட்காரும். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி-கிளாம்ப்பால் நிதானமாகத் திருகினால் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கைப்பிடியில் தொங்கும் அளவுக்கு பலம் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிஸ்டன் மக்கர் செய்கிறது என்பதை வண்டியே சொல்லிவிட்டது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி, ‘எப்படியோ’ உள்ளே தள்ளிவிட்டு புது பேடைப் போடுவதுதான் இந்தக் கதையின் வில்லன். பேட் உட்கார்ந்துவிடும், வண்டி டெலிவரியும் ஆகிவிடும். துருப்பிடித்த பிஸ்டன் சீலைத் தாண்டி உள்ளே போய், இன்னும் மோசமாக மாட்டிக்கொள்ளும்.

பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஹேண்ட் பிரேக் இணைந்த பின் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப முடியும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் கிளாம்ப் போட்டு அழுத்தினால், நன்றாக இருந்த காலிப்பரும் காலி.

பின்கள் மட்டும்தான் சிக்கியிருக்கின்றன என்றால் பெரிய செலவு இல்லை. கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, பள்ளங்களில் உள்ள துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, புது கிரீஸ் போட்டு மாட்டலாம். பின் அரித்துப் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் எந்த கிரீஸ்? பல கடைகளில் பேரிங்குக்குப் போடும் அதே சாதா கிரீஸ் டப்பாவில் விரலை விட்டுத் தடவிவிடுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊறி வீங்கிவிடும். சில மாதங்களில் பின் மறுபடியும் சிக்கும். சிலிக்கான் கிரீஸ், அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும். அதுவும் மெல்லிய பூச்சாக. அள்ளி அப்பினால் பின் உள்ளே போகும்போது காற்று அடைபட்டு, நகராமல் தள்ளும். டீசலிலும் பெட்ரோலிலும் கழுவுவதும் ரப்பருக்கு ஆகாது. துரு நீக்கும் ஸ்பிரே பேடிலோ டிஸ்க்கிலோ பட்டால் பிரேக்கே பிடிக்காது. இன்னொன்று: மேல் பின்னும் கீழ் பின்னும் பல கார்களில் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் பழைய குருடி கதைதான்.

பிஸ்டன் சிக்கியிருந்தால், வெளியே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெடலின் அழுத்தத்தாலேயே மெதுவாக வெளியே வரவைப்பது பாதுகாப்பான முறை. கம்ப்ரஸர் காற்றை அடித்தால் பிஸ்டன் தோட்டா மாதிரி பாயும், முன்னால் விரல் இருந்தால் நசுங்கும். பிஸ்டன் வழவழவென்று இருந்தால், சீல் கிட் மாற்றினால் போதும். முழுக் காலிப்பரோடு ஒப்பிட்டால் இது சொற்பக் காசு. சீல் உட்காரும் பகுதியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தால் எமரி பேப்பர் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது, பிஸ்டனையோ காலிப்பரையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் வீட்டிலேயே செய்யலாமா? கருவியும் ஜாக் ஸ்டாண்டும் அனுபவமும் இருந்தால், பின் சுத்தம் செய்வது வரை சரி. பிஸ்டன், ஹோஸ், ஏர் எடுப்பது என்று ஆயில் லைனைத் திறக்கும் வேலையை ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கே செய்தாலும், கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

மலைப்பாதையில்தான் ஆபத்து

ஊருக்குள் இது பேட் செலவு, பெட்ரோல் செலவு என்று போய்விடும். மலையிறக்கத்தில் அப்படி அல்ல. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஏற்கெனவே ஒரு காலிப்பர் விடாமல் உரசிச் சூடாகியிருக்க, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அந்த வரம்பைத் தொடுவது கடினமே அல்ல. ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்கும், அதனால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். முதல், இரண்டாவது கியரில் இறங்குவது எப்போதும் நல்லது. ஆனால் ஜாம் ஆன காலிப்பருக்கு அது மருந்து அல்ல. மலைப் பயணத்துக்கு முன்பு டயர் காற்று பார்ப்பதுபோல, நாலு சக்கரத்தின் சூட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். உங்கள் கார் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

வண்டியை எடுக்கும்போது

பழைய பேட்கள் நான்கையும், எது எந்தப் பக்கம் என்று சொல்லித் தரச் சொல்லுங்கள். வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்கள் கழற்றப்பட்டனவா, எந்த கிரீஸ் போட்டார்கள், பிஸ்டன் சுலபமாக உள்ளே போனதா என்று கேளுங்கள். பேட் என்றால் இடம் வலம் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பல தடவை மிதியுங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகள் வெறுமனே தரைவரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து, பின்னால் நிற்கும் வண்டியில் மோதுவது வொர்க்‌ஷாப் வாசலிலேயே நடக்கும் சமாச்சாரம். பிறகு கால் மணி நேரம், முடிந்தவரை பிரேக் குறைவாகப் பிடித்து ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு முன் சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது. இடது பக்கம் மட்டும் மறுபடி அனல் அடித்தால், வீட்டுக்குப் போகாமல், பில்லோடு அப்படியே வண்டியைத் திருப்புங்கள்.