பள்ளத்தில் இறங்கிய கார்: அலைன்மென்ட் கடைசி வேலை

மழை விட்ட மறுநாள் அம்பத்தூர் மேனாம்பேட்டில் கார் ஓட்டினால், எது வெறும் தண்ணீர், எது பள்ளம் என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். தொழிற்பேட்டைக்குப் போய்வரும் லாரிகள் ஒரு பக்கம், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடங்கள் இன்னொரு பக்கம். ‘டொம்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்டீயரிங் பழையபடி இல்லை என்று தோன்றினால், நம்மில் பெரும்பாலோர் நேராக அலைன்மென்ட் கடைக்குத்தான் போகிறோம். பணம் வீணாவது அங்கேதான். வளைந்த பாகத்தை வைத்துக்கொண்டு அளவை மட்டும் சரிசெய்தால் சில நாள் ஓடும். பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

முதலில் டயரைப் பாருங்கள். அதன் பக்கச்சுவரில் கட்டி போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அந்த டயரோடு புறவழிச்சாலையில் ஏறாதீர்கள். அடுத்து ரிம். இரும்பு ரிம்மின் விளிம்பு நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் ரிம்மில் விரிசல் விழுந்தால் மாற்றுவதே நல்லது. உள்பக்க விளிம்பு நசுங்கியது வெளியிலிருந்து தெரியாது, சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். காற்று மெல்ல மெல்ல இறங்கினால் அங்கே சந்தேகப்படுங்கள். (ரிம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் பக்கத்திலே பாடியில்தான் இருக்கின்றன. கார் பாகங்களுக்குப் பேர்போன வட்டாரம்; அவற்றுக்குத் தினமும் பரீட்சை வைப்பவை நம் சாலைகள்.)

மெக்கானிக்கிடம் போகும்போது “ஸ்டீயரிங் சரியில்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன மாதிரி சரியில்லை என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் டை ராட் வளைந்திருக்கும். ஒரு பக்கச் சக்கரத்தின் திசை மாறிவிட, வண்டி நேராகப் போவதற்காக இரண்டு சக்கரங்களும் அந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன; அதில் ஸ்டீயரிங் திரும்பிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கியது பின்சக்கரமாக இருந்து, பின் ஆக்சில் வளைந்தாலும் இதே கோணல் வரும். இதைப் பல கடைகளில் பார்ப்பதே இல்லை.

கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் கதை வேறு. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள் (சுழலும் திசையை அம்புக்குறியால் காட்டும் டயர் என்றால் அப்படி மாற்றக் கூடாது). இழுப்பு மறுபக்கம் போனால் குற்றவாளி டயர். போகாவிட்டால் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், நக்கிள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று வளைந்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது ஓரமாக ஓட்டும்போது கொஞ்சம் இடப்பக்கம் இறங்குவது இயல்பு. சமதளமான சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

வேகம் கூடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் ரிம் கோணியிருக்கும், அல்லது பேலன்சிங் போயிருக்கும். மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம் என்றால் லிங்க் ராட், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மவுன்ட் என்ற வரிசையில் தேடலாம்.

நல்ல மெக்கானிக் செய்யும் சோதனை ஒன்றை நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை இடது, வலது விளிம்புகளில் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். பிறகு ரேக்கின் ரப்பர் உறையைப் பார்ப்பார். அது கிழிந்திருந்தால் சேற்றுநீர் உள்ளே போய்த் துரு பிடிக்கும். சின்ன ரப்பர்தானே என்று விட்டால் பிறகு ரேக்கையே மாற்ற நேரும்.

பாகங்களை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். இங்கே ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரத்துக்கு டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பிய கோணம்) ஒன்றைத்தான் திருத்த முடியும். கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்த கோணம்) காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாய்ந்த கோணம்) கம்பெனியில் அமைந்த அளவுதான். ஆகவே கடையில் தரும் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி, டோவை விட்டுவிட்டுக் கேம்பரைப் பாருங்கள். இடது, வலது அளவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ பாகம் இன்னும் வளைந்தே இருக்கிறது. “அது அப்படித்தான் இருக்கும் சார்” என்ற பதிலை ஏற்காதீர்கள். ஸ்டீயரிங் அல்லது ஈஎஸ்பி விளக்கு அணையாமல் எரிந்தால், ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

காருக்கு முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் பாகங்களைக் கழற்றும் முன்பே தகவல் சொல்லி, பள்ளத்தையும் சேதத்தையும் படம் எடுத்து வையுங்கள். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் பணம் வராது. வண்டியின் மற்ற பாகமும் சேர்ந்து கெட்டால்தான், அதுவும் டயர் விலையில் 50 சதவீதம் வரை.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. உள்சாலைப் பள்ளங்களுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம்; நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. காரைச் சரிசெய்த கையோடு அதையும் செய்துவிடுங்கள். அதே பள்ளத்தில் அடுத்து இறங்கப்போவது ஒரு இருசக்கர வண்டியாக இருக்கலாம்.