காருக்குள் பெட்ரோல் வாடை: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்வோர் கௌதள்ளியைக் கடந்தே செல்கின்றனர். கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ் இன்றும் இங்கே அன்றாடம் காதில் விழும் மொழிதான். கௌதள்ளிக்கு அப்பால் மலையேற்றம் தொடங்குகிறது. சமவெளியில் எந்தக் குறையும் காட்டாத கார், முதல் சில வளைவுகளிலேயே உள்ளே பெட்ரோல் வாடை வீசத் தொடங்குவதுண்டு. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குத் தலை வலிக்கிறது, குழந்தைகளுக்குக் குமட்டுகிறது. ஓட்டுபவர் சன்னல்களை இறக்கிவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து செல்கிறார். செய்யக் கூடாதது அதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைவதில்லை. காரின் தரையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் தங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். ஆகவே வாடை வலுவாக இருந்தால் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அனைவரும் இறங்கிக் கதவுகளைத் திறந்துவைத்து விலகி நிற்க வேண்டும். காருக்கு அடியில் ஈரமோ சொட்டோ தெரிந்தால், மீண்டும் சாவியைத் திருப்பாமல் இழுவை வண்டியை அழைப்பதே முறை.

ஏற்றத்தில் மட்டும் வாடை வருவது ஏன்? பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. எரிபொருள் பம்ப் அதன் மேற்புறத் துளை வழியாகப் பொருத்தப்பட்டு, ஒரு ரப்பர் வளையத்தால் அடைக்கப்பட்டிருக்கும். மலைப்பயணம் என்பதால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருகிறோம். காரின் முன்புறம் உயரும்போது பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்து, வழக்கமாக அது தொடாத மேல் வளையத்தையும், நிரப்பும் வாயிலிருந்து வரும் குழாயின் இணைப்பையும் நனைக்கிறது. அங்கே சிறு வெடிப்பு இருந்தாலும் கசிவு வெளிப்பட்டுவிடும். பாதி டேங்க் தீர்ந்ததும் வாடை மறைகிறது, குறை மறைவதில்லை. ஊர் திரும்பியபின் பணிமனைக்குச் சென்றால் மெக்கானிக்குக்கு எதுவும் தென்படாமற்போவது இதனால்தான்.

இத்தகைய குறை புதிய காரிலும் நேரலாம். 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை, எரிபொருள் பம்பின் கேஸ்கெட்டை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைத்தது. சிறு அடைப்பு வளையம்தான். அதற்காக ஒரு லட்சம் கார்கள்.

காரணத்தைக் கண்டறிய, வாடை எப்போது வருகிறது என்பதைக் குறித்துவைப்பதே சிறந்த தொடக்கம். ஏ.சி.யில் வெளிக்காற்று வரும்படி வைத்தால் வாடை மிகுந்து, உட்காற்றே சுழலும்படி வைத்தால் குறைகிறது எனில், கசிவு பெரும்பாலும் எஞ்சின் பக்கம் இருக்கும். காற்று உட்புகும் வாய் முன்கண்ணாடிக்குக் கீழேதான் உள்ளது. மாறாக, உட்காற்றுச் சுழற்சியில் வாடை மிகுந்தால் பின்னிருக்கையையும் டிக்கியையும் ஆராய வேண்டும். காலையில் முதன்முறை கிளப்பும்போது மட்டும் வந்து மறையும் வாடைக்கு, குளிரில் சுருங்கும் இன்ஜெக்டர் வளையம் காரணமாகலாம். வெயிலில் நிறுத்தியபின் வருவது, டேங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலனின் குறையைக் காட்டலாம். பங்க்கில் குழாய் தானாக நின்றபின்னும் "ரவுண்டாகப் போடுங்கள்" என்று நாம் கேட்கும் வழக்கமே அக்கலனுக்குப் பகை. ஆவிக்காக அமைந்த கரி, திரவப் பெட்ரோலில் நனைந்து கெடுகிறது.

தோப்பருகே நிறுத்தப்படும் கார்களில் எலி கடித்த குழாயை மறந்துவிடக் கூடாது. டிக்கியில் கேனில் எடுத்துச் செல்லும் பெட்ரோலும் அப்படியே: உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேன் உப்பி, மூடி வழியே ஆவி கசியும். அதைக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது. டீசல் கார் எனில் கசிவு எளிதில் உலராது. எண்ணெய்ப் பசையுடன் கண்ணுக்கே தெரியும். வருவது பெட்ரோல் வாடையன்று, புகை நெடி என்றால் சைலன்சரையும் டிக்கிக் கதவின் ரப்பரையும் பார்க்க வேண்டும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை என்பதால் அதையும் அலட்சியப்படுத்தலாகாது.

பழைய நாளில் டேங்க் கசிவைச் சோப்புக்கட்டியால் அடைத்து ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. இன்றைய இன்ஜெக்ஷன் கார்களின் எரிபொருள் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 3 பார். சாதாரண டயரின் காற்றழுத்தத்தைவிட மிகுதி. சோப்பும் துணிக்கட்டும் அதற்கு ஈடுகொடுக்கா. தண்ணீர்க் குழாயைச் செருகுவதும் ஆபத்து. பெட்ரோலில் அது ஊறிப் பிளந்துவிடும். எரிபொருளுக்கென்றே செய்த குழாய், புதிய கிளிப், புதிய வளையம் ஆகியவற்றையே கேட்டுப் பெறுங்கள். குழாயைக் கழற்றுமுன் மெக்கானிக் அழுத்தத்தை இறக்கி, பேட்டரி இணைப்பையும் துண்டிக்க வேண்டும். வேலை முடிந்தபின் முதல் தானியங்கி நிறுத்தம் வரை டேங்க்கை நிரப்பி, காரைச் சரிவில் முன்புறம் மேலாகச் சிறிது நேரம் நிறுத்தி, பின்னிருக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சமதரையில் பார்த்துத் தருவது இக்குறைக்குப் போதிய சோதனையன்று.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், தீயில் எரிந்த உங்கள் காருக்கு இழப்பீடு கிடைக்காது. முழுக் காப்பீட்டில் தீ அடங்கும். ஆனால் தேய்மானம் அடங்காது. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்ற நிபந்தனையும் பத்திரத்தில் உண்டு. வெளியே கேஸ் கிட் பொருத்திய கார் எனில், அது பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் குறிக்கப்பட்டுள்ளதா என்று மலைப்பயணத்துக்கு முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.