36 மணி நேர இசை, 184 நிமிடப் படம்: ஒரு சேகரிப்பாளரின் கணக்கேடு

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. மாலை 5 மணி கடந்ததும் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் ஊர்ப் பால் பண்ணையில் போட்டிருந்த மேடையில் ரிச்சி ஹேவன்ஸ் கிடாரை எடுத்தார். 18ஆம் தேதி திங்கள் காலை 11 மணி வாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முடித்தார். இடையில் ஏறக்குறைய 66 மணி நேரம், 32 கலைஞர்களும் குழுக்களும், 4 லட்சத்தைத் தாண்டிய கூட்டம். ஹேவன்ஸுக்குப் பிறகு மேடையேறி அந்த வுட்ஸ்டாக் இசைவிழாவை வாழ்த்திப் பேசியவர், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா.

அந்த 66 மணி நேரத்தில் எவ்வளவு நம் அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது? ராக் இசைவிழாப் படங்களைச் சேர்க்கத் தொடங்கிய நாளில் நானும் பெட்டிகளைத்தான் எண்ணினேன். அந்த வழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது நிமிடங்களை எண்ணுகிறேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே வரிசையாக வைக்கிறேன்.

வரவு: வுட்ஸ்டாக்

2019இல் வந்த 50ஆம் ஆண்டு ஒலிப்பெட்டி: 38 சிடி, 432 தடங்கள், ஏறக்குறைய 36 மணி நேரம். அதாவது 2,160 நிமிடம்.
1970இல் திரைக்கு வந்த மைக்கேல் வாட்லியின் படம்: 184 நிமிடம். ஒலியில் 8.5 சதவீதம்.
1994இன் இயக்குநர் பதிப்பு: 224 நிமிடம். 10.4 சதவீதம்.

படத்தில் பேட்டி, மழை, சேறு, சாப்பாட்டு வரிசை எல்லாம் சேர்த்தே இந்த அளவு. பாட்டு மட்டும் என்று பிரித்தால் இன்னும் குறையும்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு ஃபிலிம் சுருளே பதில் சொல்லும். படம் பிடித்தது 16 மி.மீ. கேமராவில். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்ற வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஃபிலிம் ஓடும். 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஹென்ட்ரிக்ஸ் வாசித்தது ஏறக்குறைய 2 மணி நேரம். அதை ஒரே கேமரா முழுதாகப் பிடிக்க 11 சுருள் வேண்டும், 10 முறை மாற்ற வேண்டும். கை சுருளை மாற்றும் நேரத்தில் மேடை காத்திருக்காது. ஒலிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் காது கேட்டதில் பத்தில் ஒரு பங்கைத்தான் கண்ணால் பார்க்க முடிகிறது.

184க்கும் 224க்கும் இடையிலுள்ள 40 நிமிடம் லேசானதல்ல. ஜானிஸ் ஜாப்ளின் அந்த 40 நிமிடத்தில்தான் இருக்கிறார். 1970 பதிப்பை மட்டும் வைத்திருப்பவரிடம் வுட்ஸ்டாக் மேடையில் நின்ற ஜானிஸ் இல்லை. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் இரண்டு பதிப்பிலுமே கிடையாது. 2009இன் 40ஆம் ஆண்டு வெளியீட்டில், கூடுதல் காட்சிகளாகத்தான் அவர்களைப் பார்க்க முடிந்தது. வாங்கும்போது அட்டையில் முதலில் தேட வேண்டிய எண் ஓடும் நேரம்தான்.

செலவு: ஒரு நிமிடம் என்ன விலை?

வுட்ஸ்டாக்கின் 3 நாள் டிக்கெட் முன்பதிவில் 18 டாலர். 1 லட்சத்து 86 ஆயிரம் டிக்கெட் முன்கூட்டியே விற்றது. வேலி எழும்புவதற்குள் கூட்டம் வந்துவிட்டதால், மீதிப் பேர் இலவசமாகவே கேட்டார்கள். விழாவை நடத்தியவர்கள் தலையில் சுமார் 13 லட்சம் டாலர் கடன். படத்துக்கு ஆன செலவு சுமார் 6 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் அது வசூலித்தது 5 கோடி டாலர். போட்டது 83 மடங்காகத் திரும்பியது. படம் அவ்வளவு சம்பாதித்ததால்தான், ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் வுட்ஸ்டாக் மறுபடி மறுபடி வெளியானது.

வாங்குகிறவர் பக்கம் வருவோம். 2019இல் வெளிவந்தபோது அந்த 38 சிடி பெட்டியின் விலை 799.98 டாலர். அச்சானது 1,969 பிரதிகள் மட்டுமே. கேட்டதும் மலைப்பு வரும். 2,160 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 37 சென்ட். ஆல்டமாண்ட் விழாவைக் காட்டும் ‘கிம்மி ஷெல்டர்’ 91 நிமிடப் படம். கிரைட்டீரியன் ப்ளூரேயின் குறித்த விலை 39.95 டாலர். நிமிடத்துக்கு 44 சென்ட். பெரிய பெட்டிதான் மலிவு.

ஆனால் ‘கிம்மி ஷெல்டர்’ முன்னால் இந்த வகுத்தல் கணக்கு நின்றுவிடுகிறது. 1969 டிசம்பர் 6 அன்று ஆல்டமாண்டில் அனுமதி இலவசம். அன்று 4 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 வயது மெரிடித் ஹன்டர் மேடைக்கு முன்னால் கத்திக்குத்துப் பட்டது கேமராவில் பதிவானது. படத்தை இயக்கிய மேசல்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் அதை மறைக்கவில்லை. அன்று மேடையில் பாடிய மிக் ஜாகரை எடிட்டிங் மேஜையில் உட்கார வைத்து, அந்தச் சில நொடிகளை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி காட்டுகிறார்கள். ஓர் இளைஞனின் உயிர் போன நொடிகள் அவை. அவற்றுக்கு என் ஏட்டில் விலைப் பத்தி கிடையாது.

அளவு: 224 நிமிடத்துக்கு எவ்வளவு இடம்?

விஹெச்எஸ்: அமெரிக்க முறையில் டேப் நொடிக்கு 33.35 மி.மீ. ஓடும். 224 நிமிடத்துக்கு 448 மீட்டர் டேப், 2 கேசட்.
லேசர் டிஸ்க்: நீள்நேர வகையில் ஒரு பக்கம் 60 நிமிடம். 4 பக்கம், 2 டிஸ்க்.
டிவிடி: இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. நொடிக்குச் சராசரியாக 5 மெகாபிட்.
ப்ளூரே: இரட்டை அடுக்கு 50 ஜிபி. நொடிக்குச் சராசரியாக 30 மெகாபிட் வரை.

இந்த எண்களின் பொருள் புரிய வுட்ஸ்டாக் படமே சரியான சோதனை. வாட்லி திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துக் காட்டுகிறார்: ஒரு பக்கம் பாடகர் முகம், மறு பக்கம் கிடார் விரல்கள். பழைய பெட்டி டிவியில் இந்த அகலத் திரைப் படத்தை முழுதாகப் போட்டால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக 480 வரியில் 272 வரிதான் படத்துக்கு மிஞ்சும். விஹெச்எஸ் குறுக்கே காட்டும் விவரம் சுமார் 320 கோடு. இரண்டாகப் பிரிந்த திரையில் ஒவ்வொரு பாதிக்கும் 160. விரல் எந்தத் தந்தியில் இருக்கிறது என்பது தெரியாது. ப்ளூரேயில் ஒவ்வொரு பாதிக்கும் 960 புள்ளி. விரலும் தெரியும், வியர்வையும் தெரியும்.

கேசட் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஓரத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கி, டேப்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி போல, நூல் போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரத்தில் சீக்கிரம் பிடிக்கும். அப்படியே ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

கழிவு: காணாமல் போகும் 4 சதவீதம்

ஒரே இயக்குநர் பதிப்பு ஒரு டிவிடியில் 224 நிமிடம், இன்னொன்றில் 215 நிமிடம் என்று இருக்கலாம். 9 நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம். ஐரோப்பாவும் நாமும் பின்பற்றிய பி.ஏ.எல். முறை நொடிக்கு 25. படத்தை அப்படியே வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். கதைப் படத்தில் இது உறுத்தாது. இசைப் படத்தில் உறுத்தும். வேகம் 4 சதவீதம் ஏறினால் சுருதியும் ஏறும். அரைக் கட்டை உயர்வுக்கு வேண்டியது சுமார் 6 சதவீதம். இங்கே அதில் பத்துக்கு ஏழு பங்கு ஏறிவிடுகிறது. பாட்டோடு கூடவே வாசித்துப் பழகுகிறவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சில வெளியீடுகளில் சுருதியைத் திருத்தியிருப்பார்கள், வேகம் மட்டும் அப்படியே நிற்கும். ப்ளூரேயில் 24 சட்டமும் அப்படியே ஓடும் என்பதால், திரையரங்குப் படங்களுக்கு இந்தக் கழிவு பெரும்பாலும் இல்லை.

இன்னொரு தொல்லை, டிஸ்க்கை அந்தந்தப் பகுதிப் பிளேயரில் மட்டும் ஓடவிடும் ரீஜன் கோடு என்ற பூட்டு. டிவிடியில் அமெரிக்கா 1, இந்தியா 5. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு ப்ளூரேயைப் பிரித்து, ஆசையோடு பிளேயரில் போட்டேன். திரையில் வந்தது ஒரே ஒரு வரி: இந்தப் பகுதியில் இது ஓடாது. விற்றவர் குறிப்பில் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து விலையைப் பார்ப்பதற்கு முன்பே ரீஜனைப் பார்த்துவிடுகிறேன். 4கே டிஸ்க்கில் இந்தப் பூட்டு கிடையாது.

நிலுவை: காத்திருந்த வருடங்கள்

1970 ஆகஸ்ட் 26 முதல் 30 வரை இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த விழாவை மர்ரே லெர்னர் படம் பிடித்தார். முழுப் படமாக முடிக்கப் பணம் கிடைக்கவில்லை. அந்தப் படம், ‘மெசேஜ் டு லவ்’, வெளிவர 25 வருடம் ஆனது. பிறகு அதே ஃபிலிமிலிருந்து கலைஞருக்கு ஒன்றாகத் தனித்தனி வெளியீடுகள் வந்தன: தி ஹூ 1990களில், ஹென்ட்ரிக்ஸ் 2002, மைல்ஸ் டேவிஸ் 2004, லெனார்ட் கோஹன் 2009, டேஸ்ட் 2015, தி டோர்ஸ் 2018, ஜோனி மிட்செல் 2018. இவை மட்டுமே 7. இன்னும் உண்டு. படம் பிடித்தபோது லெர்னருக்கு 43 வயது. 2017இல், 90 வயதில் காலமானார். கடைசி இரண்டையும் அவர் கடையில் பார்க்கவில்லை.

1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் நடந்த விழாவின் கணக்கு இன்னும் கனமானது. ஹால் டல்ச்சின் பதிவு செய்தது சுமார் 40 மணி நேர வீடியோ டேப். 50 வருடம் பெரும்பகுதி வெளியே வராமல் கிடந்தது. 2021இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ படமானபோது அதன் நீளம் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 100க்கு 5 கூட நம் கைக்கு வரவில்லை.

கடைசி வரி

1967 ஜூன் 16 முதல் 18 வரை மான்டரேயில் நடந்த விழாவில் எல்லோரும் பணம் வாங்காமல் வாசித்தார்கள். சம்பளம் வாங்கியவர் ரவிசங்கர் ஒருவர்தான்: 3,000 டாலர். ஞாயிறு பிற்பகல் முழுவதும் அவருக்கு ஒதுக்கப்பட்டது. டி. ஏ. பென்னிபேக்கரின் ‘மான்டரே பாப்’ 79 நிமிடம். அதன் கடைசி 18 நிமிடம், ஏறத்தாழ 23 சதவீதம், அந்த ஒரே ராகத்துக்கு. முதலில் சித்தார் கேட்கிறது, திரையில் கூட்டத்தின் முகங்கள் மட்டும் வருகின்றன. வெகுநேரம் கழித்துத்தான் ரவிசங்கரும் தபலா வாசிக்கும் அல்லா ரக்காவும் தெரிகிறார்கள். வேகம் ஏற ஏற விரல்கள் மங்கலாகின்றன. முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கிறது.

பி.ஏ.எல். டிவிடியில் அந்த 18 நிமிடம் 17 நிமிடம் 17 நொடியாகச் சுருங்கும். ராகம் தன் ஆதார சுருதியை விட்டு மேலே போய்விடும். அந்த 43 நொடிக்காகத்தான் என்னிடம் ‘மான்டரே பாப்’ இரண்டு பிரதிகளாக இருக்கிறது. கணக்கேட்டில் இரண்டாவது பிரதிக்கு எதிரே வரவு என்று எழுதியிருக்கிறேன்: 43 நொடி.